ஒரு வேலைக்கென்று ஓர் ஆபீஸ்: லாத்தூரிலிருந்து மரக்காணம் வரை

1993 செப்டம்பர் 30ஆம் தேதி நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கணக்கில் பிறந்தநாள். தென்னாற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து, விழுப்புரத்தைத் தலைநகராக வைத்துப் புது மாவட்டம் உண்டானது அன்றுதான். ஆரம்பத்தில் அதற்கு விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம் என்று பெயர். 1997இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எல்லாம் எடுத்தபோது வெறும் விழுப்புரம் ஆயிற்று. அதுவரை கிளியனூரிலிருந்து கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரியைத் தாண்டிக் கடலூர் போக வேண்டும்.

அதே நாள் விடியற்காலை, மணி நான்கு ஆவதற்குள், மகாராஷ்டிரத்தில் லாத்தூர் பக்கம் கில்லாரி என்ற ஊரில் பூமி அதிர்ந்தது. முந்தின நாள் பிள்ளையார் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து ஜனங்கள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டிய கனத்த சுவர் வீடுகள். ஏறக்குறைய எட்டாயிரம் பேர் போனார்கள்.

நம் மாவட்டம் பிறந்ததற்கும் அங்கே நிலம் அதிர்ந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் அந்தப் பூகம்பத்துக்குப் பிறகு மகாராஷ்டிர அரசு செய்துகொண்ட ஓர் அலுவலக ஏற்பாடு, பதினோரு வருஷம் கழித்து மரக்காணம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. வழக்கமான துறைகளுக்கு நடுவில், ஒரே ஒரு வேலையை முடிப்பதற்கென்று தனியாக ஓர் ஆபீஸ் போடுவது. அரசாங்கத் தமிழில் திட்ட மேலாண்மை அலகு. பேச்சில் பி.எம்.யூ. தனியார் கம்பெனிகளில் இதையே பி.எம்.ஓ. என்கிறார்கள். என் மருமகன் வேலை மாறியபோது “இப்ப பி.எம்.ஓ.வுல இருக்கேன் மாமா” என்றார். டெல்லியில் பிரதமர் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டார் என்று எங்கள் வீட்டில் ஒரு நிமிஷம் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். ஆபீஸ் என்பது என்ன என்று கேட்டால் தபால், தன்பதிவேடு, கோப்பு, பதிவறை என்றுதான் எனக்குச் சொல்ல வரும். ஆகவே இந்தக் கதையையும் அந்த வழியிலேயே சொல்கிறேன்.

பேரிடர் என்றால் வருவாய்த் துறை வேலை என்று எப்படி ஆயிற்று? அதற்குத் தாது வருஷப் பஞ்சத்துக்குப் போக வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். அப்போது நிவாரணம் என்றால் கூலி வேலை. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்த் துண்டை அந்தப் பஞ்ச காலத்தில்தான் வெட்டினார்கள். அந்தக் கால்வாய்க்கு அன்றைய கவர்னர் பக்கிங்காம் கோமகன் பெயர். அதன் தென்கோடி எது தெரியுமா? நம் மரக்காணம்தான். பஞ்சம் முடிந்தபின் 1880களில் பஞ்ச விதித்தொகுப்பு என்று ஒன்று எழுதினார்கள். மழை பொய்த்தால் யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், எப்போது வேலை திறக்க வேண்டும், எவ்வளவு கூலி, எல்லாம் அதில் உண்டு. நடுநாயகமாக உட்கார்ந்தவர் கலெக்டர். அவருக்குக் கீழே தாசில்தார், அவருக்குக் கீழே ஊரில் கர்ணம், மணியக்காரர்.

அந்த ஏற்பாடு நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. குடிசை எரிந்தால் அன்றைக்கே அரிசி, வேட்டி, சேலை, மண்ணெண்ணெய், கையில் கொஞ்சம் பணம். வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்துச் சாப்பாட்டுப் பொட்டலம். பிறகு கணக்கெடுப்பு, அறிக்கை. இந்த வேலையை எங்கள் துறை நன்றாகவே செய்யும் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தாசில்தார் ஜீப் எடுத்துக்கொண்டு போவார்.

ஆனால் இது முதல் பத்து நாள் வேலை. ஓர் ஊரையே தூக்கி வேறு இடத்தில் கட்ட வேண்டுமென்றால்? நிலம் வருவாய்த் துறையிடம். கட்டட மதிப்பீட்டுக்குப் பொதுப்பணித் துறை. உள்சாலைக்கு ஊரக வளர்ச்சித் துறை. தண்ணீருக்குக் குடிநீர் வடிகால் வாரியம். கம்பம் நட மின்வாரியம். படகுக் கணக்கு மீன்வளத் துறையிடம். கடலோரம் என்றால் சுற்றுச்சூழல் துறையின் சம்மதம் வேறு. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி தலைவர், தனித்தனி கணக்குத் தலைப்பு. ஒருவர் எழுதினால் இன்னொருவர் விளக்கம் கேட்பார். விளக்கம் போனால் நினைவூட்டு வரும். யாரும் வேலை செய்யாமல் இல்லை, எல்லோரும் செய்துகொண்டுதான் இருப்பார்கள். வீடு மட்டும் எழும்பாது. ஏனென்றால் “வீடு எழும்பவில்லையே” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் என்று ஒருவரும் இல்லை.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1950களில் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவுகிற போலாரிஸ் ஏவுகணையைச் செய்ய நினைத்தது. கடற்படையில் கப்பலுக்கு ஒரு துறை, ஆயுதத்துக்கு ஒரு துறை, விமானத்துக்கு ஒரு துறை. ஒன்றுக்கொன்று ஆகாது. ஆகவே ரேபர்ன் என்ற அட்மிரலின் கீழ் சிறப்புத் திட்ட அலுவலகம் என்று தனியாகப் போட்டார்கள். 1960 ஜூலையில் கடலுக்கடியிலிருந்து ஏவியே காட்டிவிட்டார்கள். எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று வட்டமும் கோடுமாகப் போட்டுக் காட்டும் ‘பெர்ட்’ என்ற முறை அங்கே 1958இல் உருவானதுதான். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஹார்வி சபோல்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் 1972இல் இந்த ஆபீஸைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்த வரைபடங்கள் வேலையை நடத்த உதவியதைவிட, வெளியார் வந்து கேள்வி கேட்காமல் தடுக்கத்தான் அதிகம் உதவின என்பது அவர் கண்டது. சுவரில் பெரிய வரைபடம் தொங்கினால் பார்க்க வருகிறவர் பேசாமல் போய்விடுவார். இது எந்த ஊர் ஆபீஸுக்கும் பொருந்தும்.

லாத்தூருக்கு வருவோம். அப்போது மகாராஷ்டிர முதல்வர் சரத் பவார், லாத்தூர் கலெக்டர் பிரவீண் பர்தேசி. பிணங்களை எடுத்து, காயம்பட்டவர்களை அனுப்பி, சோறு போட்டு முடித்தபின் பெரிய வேலை நின்றது. 52 கிராமங்களை அடியோடு வேறு இடத்தில் கட்ட வேண்டும். அதைத் தவிர, விரிசல் விட்ட வீடுகள் பல மாவட்டங்களில் லட்சத்துக்கு மேல். உலக வங்கி கடன் தர முன்வந்தது. அந்தக் கடனுக்கு ஒரு குணம் உண்டு. நம் கருவூலத்தில் பில் போட்டு வாங்குகிற மாதிரி கிடையாது. எதை எப்போது எந்த முறையில் வாங்கப்போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். செலவழித்த கணக்கைக் காட்டினால்தான் அடுத்த பணம். காலாண்டுக்கு ஓர் அறிக்கை. தணிக்கை தனி. இதற்கெல்லாம் பதில் எழுத ஒரே முகவரி வேண்டும். அப்படித்தான் பம்பாயில் தலைமைச் செயலகத்துக்குள்ளேயே பூகம்ப மறுவாழ்வுக்கென்று ஒரு திட்ட மேலாண்மை அலகு வந்தது.

அதாவது, புதுத் துறை அல்ல. பழைய அரசாங்கத்துக்குள் போட்ட ஒரு தடுப்பறை. மற்ற துறைகளிலிருந்து ஆட்களை அயற்பணியில் எடுத்துக்கொண்டு, போதாததற்கு ஒப்பந்தத்தில் ஆலோசகர்களை வைத்துக்கொண்டு, எல்லாத் துறைகளையும் வாராவாரம் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைப்பது. அதன் பலம் அந்த மேசையில்தான். பொறியாளர் “நிலம் வரவில்லை” என்பார். நிலத்துக்காரர் அடுத்த நாற்காலியில் இருப்பார். கடிதம் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

லாத்தூரில் அவர்கள் கட்டிய புது ஊர்களைப் பற்றிக் குறையும் உண்டு. நேர் நேராக அகலத் தெரு, பட்டணத்து நகர் மாதிரி. வயல் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம், மாட்டைக் கட்ட இடம் இல்லை. ஆனால் போகப் போக ஊர்ப் பெண்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, அதிகாரிக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் சேதி சொல்கிறவர்களாக வைத்தார்கள். ‘சம்வாத் சகாயக்’ என்று பெயர், உரையாட உதவுகிறவர் என்று அர்த்தம். சிமெண்ட் எவ்வளவு வரவேண்டும், கம்பி என்ன அளவு என்று அந்தப் பெண்கள் கேட்க ஆரம்பித்தபிறகு வேலை திருந்தியது.

அடுத்தது ஒடிசா. 1999 அக்டோபர் 29 பெரும் புயல், பத்தாயிரம் பேர் வரை பலி. இரண்டே மாதத்தில், டிசம்பர் 28 அன்று, ஒரு தனி ஆணையத்தை அமைத்தார்கள். பிறகு குஜராத். 2001 ஜனவரி 26 பூஜ் பூகம்பம். பிப்ரவரி 8ஆம் தேதி மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைத்தாகிவிட்டது. கணக்குப் பாருங்கள், பதின்மூன்று நாள். பி.கே. மிஸ்ரா அதை நடத்தினார். அங்கே வீட்டுக்காரர் கையிலேயே தவணை தவணையாகப் பணம் கொடுத்து, அவரவர் இடத்தில் அவரவரே கட்டிக்கொள்ள விட்டார்கள். பொறியாளர் வந்து பார்த்துச் சரி என்றால் அடுத்த தவணை. இரண்டு லட்சம் வீடு எழுந்தது. இந்த இரண்டு மாநிலங்களிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வேலை முடிந்தவுடன் ஆபீஸைக் கலைக்கவில்லை. குஜராத் 2003இல் அதற்குச் சட்டமே போட்டது. ஒடிசாவில் 2013இல் பைலின் புயல் வந்தபோது கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்த முடிந்தது. பலி ஐம்பதை ஒட்டி நின்றது. எங்கே பத்தாயிரம், எங்கே ஐம்பது!

நம் கதைக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அப்பால் நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு அதிர்ச்சி. சுமார் இரண்டரை மணி நேரத்தில் அலை இங்கே. தமிழ்நாட்டில் சுமார் எட்டாயிரம் பேர், அதில் ஆறாயிரத்துக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். நம் மாவட்டத்தில் பலி ஐம்பதை எட்டவில்லை. அதனால் வெளியூர்க்காரர்கள் விழுப்புரத்துக்குக் கடல் உண்டு என்பதையே மறந்துவிடுவார்கள். மரக்காணத்தில் ஆரம்பித்து எக்கியார்குப்பம், அனுமந்தை, கூனிமேடு, நடுவில் புதுச்சேரிக்குச் சேர்ந்த காலாப்பட்டு, அதைத் தாண்டிப் பொம்மையார்பாளையம், சின்னமுதலியார்சாவடி, கோட்டக்குப்பம். மீனவ கிராமங்கள் பத்தொன்பது. கட்டுமரமும் ஃபைபர் படகும் வலையும் போயின, வீடுகள் போயின. அன்று மத்தியானம் கடலோர ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்து வந்ததை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர் இருக்க மாட்டார்.

காலாப்பட்டைச் சொன்னேன் அல்லவா? அந்த அலைக்கு மாநில எல்லை தெரியாது. ஆனால் ஆபீஸுக்குத் தெரியும். உலக வங்கி 2005 மே மாதம் ஒப்புதல் கொடுத்த அவசர சுனாமி மறுசீரமைப்புத் திட்டம் 46.5 கோடி டாலர், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து. அதை நடத்தப் புதுச்சேரி தனக்கென்று ஒரு திட்ட முகமை வைத்துக்கொண்டது. தமிழ்நாடு தனியாக ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போனால் அரை மணி நேரத்துக்குள் அந்த ஆபீஸின் எல்லை, இந்த ஆபீஸின் எல்லை என்று மாறி மாறி வரும். ஆசிய வளர்ச்சி வங்கியின் 20 கோடி டாலர் திட்டம் வேறு, அது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும்.

தமிழ்நாடு குஜராத் மாதிரி புது ஆணையம் ஆரம்பிக்கவில்லை, லாத்தூர் வழியில் போனது. வருவாய்த் துறைக்குள்ளேயே நிவாரணம் மற்றும் மறுவாழ்வுக்கென்று ஒரு சிறப்புப் பணி அலுவலர். சி.வி. சங்கர் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருக்குக் கீழே சென்னையில் திட்ட மேலாண்மை அலகு, கடலோர மாவட்டங்களில் திட்டச் செயலாக்க அலகுகள். மாவட்டத்தில் தலைமை கலெக்டர்தான். இதனால் ஒரு வசதி. தாசில்தார், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்ற பழைய சங்கிலி அப்படியே கைக்குக் கிடைத்தது. புது ஆபீஸ், ஆனால் பழைய கால்கள். நாகப்பட்டினத்துக்கு ஜெ. ராதாகிருஷ்ணன் தஞ்சாவூரிலிருந்து கலெக்டராக மாறி வந்தார். அங்கே 2005 ஜனவரி முதல் தேதியே தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து தங்களுக்கென்று ஓர் ஒருங்கிணைப்பு மையம் வைத்துக்கொண்டன. எந்தக் கிராமத்துக்கு யார் எதைக் கொடுத்தார்கள், எதில் விட்டுப்போயிற்று என்று அட்டவணை போட்டு வைப்பது அவர்கள் வேலை. எனக்குத் தெரிந்து சுனாமி நிர்வாகத்தில் சிறந்த காரியம் அந்த அட்டவணைதான். பழந்துணி லாரி லாரியாக வந்து குவிந்த காலம் அது. வேண்டாததைக் கொட்டாதீர்கள் என்று சொல்லவும் ஓர் ஆள் தேவைப்பட்டது.

இந்த ஆபீஸ் செய்த வேலைகளிலேயே பெரியது வீடு. அதில்தான் சிக்கலும்.

தற்காலிகக் கொட்டகைகள் முதலில். தார் அட்டையில் போட்டவை. சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியவில்லை என்று ஜனங்கள் கதறினார்கள். நிரந்தர வீட்டுக்கு 2005 ஜனவரியிலேயே அரசாணை வந்தது. குறைந்தது ஐம்பது வீடு, அதாவது 75 லட்சம் ரூபாய் போடத் தயாராக உள்ள தொண்டு நிறுவனமோ கம்பெனியோ ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஒரு வீட்டுக்கு ஒன்றரை லட்சம், பரப்பு சுமார் 325 சதுர அடி. மார்ச் 30 அன்று அடுத்த அரசாணை, எண் 172. இதைத்தான் கடலோரத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

கடல் ஏறும் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தவர்களுக்கு அந்த ஆணையில் இரண்டு வழி. ஒன்று, 200 மீட்டருக்கு அப்பால் அரசு காட்டும் இடத்தில் புது வீட்டை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கினால் பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு, அங்கேயே இருக்கிறேன் என்றால் இருக்கலாம், சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம். அரசு உதவி கிடையாது. 1991ஆம் வருஷத்துக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையை வைத்து எழுதியது அது. சட்டப்படி பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது.

மீனவர் பக்கத்திலிருந்து பாருங்கள். படகு கரையில், வலை கரையில். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து காற்றைப் பார்ப்பது வாசலிலிருந்து. பெண்கள் கருவாடு காயவைப்பது வீட்டெதிர் மணலில். பயமும் உண்டு, அலையைப் பார்த்த கண்கள். பிள்ளைகள் ராத்திரி தூக்கத்தில் அலறிய காலம். அந்தச் சமயத்தில் ஒரு தாளை நீட்டி, புது வீடா பழைய மனையா என்று கேட்டால் யாரும் வீட்டைத்தான் கேட்பார்கள். காலியாகிற கரையை யார் எடுத்துக்கொள்வார்கள் என்ற சந்தேகமும் அப்போதே இருந்தது. இந்தக் கரையின் மனை விலை எங்கே போய் நிற்கிறது என்று புதுச்சேரி போகும் வழியில் விடுதிப் பலகைகளைப் பார்த்தாலே தெரியும்.

ஒரு நல்ல காரியத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. புது வீட்டுக்கான உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் என்று வைத்தார்கள். எங்கள் துறையில் பட்டா என்றால் ஆண் பெயர்தான் என்று இருந்த பழக்கத்தை உடைத்தது அது. சாதாரண நடையில் இதை மாற்ற வேண்டுமென்றால் பத்து வருஷம் கடிதப் போக்குவரத்து நடந்திருக்கும். புது ஆபீஸ் என்பதால் முதல் நாளிலேயே முடிந்தது. மாநிலம் முழுவதும் ஐம்பதாயிரத்துக்கு மேல் வீடு எழும்பியது.

இனிக் குறை. திட்ட ஆபீஸ் என்பது பட்டியலின் மேல் ஓடுகிற வண்டி. பட்டியலில் பெயர் இருந்தால் எல்லாம் வரும், இல்லாவிட்டால் அப்படி ஓர் ஆள் உலகத்திலேயே இல்லை. மீனவ ஊர்களில் பட்டியல் பெரும்பாலும் ஊர்ப் பஞ்சாயத்து வழியாக வந்தது. ஊர்க்காரர்கள், அதாவது வரி கொடுக்கிற குடும்பங்கள், விட்டுப்போகாமல் வந்துவிட்டார்கள். ஆனால் படகு இல்லாமல் கூலிக்குப் போனவர்கள், கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிழைக்கிற இருளர்கள், தலித் கூலிக்காரர்கள் என்று பலர் விடுபட்டார்கள் என்ற புகார் கடற்கரை நெடுகிலும் எழுந்தது. பழைய தாசில்தார் ஆபீஸ் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் ஜமாபந்திக்கு யார் வேண்டுமானாலும் வந்து மனு கொடுக்கலாம், அடுத்த வருஷமும் கொடுக்கலாம், அந்த மேசை அங்கேயே இருக்கும். திட்ட ஆபீஸில் அடுத்த வருஷம் என்பது நிச்சயமில்லை.

உலக வங்கித் திட்டம் மூன்று வருஷக் கணக்கில் ஆரம்பித்து, நீட்டிப்பு வாங்கி 2011 வரை ஓடியது. முடிந்தால் என்ன ஆகும்? அயற்பணிக்காரர்கள் தாய்த்துறைக்குத் திரும்புவார்கள், ஆலோசகர்களின் ஒப்பந்தம் தீரும், கம்ப்யூட்டரைக் கணக்கில் எடுத்து ஒப்படைப்பார்கள். வெளியே அறிக்கை இருக்கும். தமிழ்நாடு அரசு சுனாமிப் பணிகளைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகமாகவே போட்டது. கோப்பு?

கோப்பு முடிக்கும்போது எங்கள் துறையில் நான்கு வகை உண்டு. எல்.டிஸ். என்றால் ஒரு வருஷத்தில் அழித்துவிடலாம். கே.டிஸ். மூன்று வருஷம். டி.டிஸ். பத்து வருஷம். ஆர்.டிஸ். என்று போட்டால் என்றைக்கும் வைத்திருக்க வேண்டும், சிவப்புத் துணி கட்டிப் பதிவறைக்குப் போய்விடும். நில சம்பந்தமானதை ஆர்.டிஸ். போடு என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்த தலைமை எழுத்தர் சொல்வார். நூறு வருஷத்துப் பழைய தாளை அப்படி நான் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். திட்ட ஆபீஸுக்குப் பதிவறை கிடையாது. முடிகிற ஆபீஸுக்கு எதற்குப் பதிவறை? வேறொரு திட்டம், பெயர் வேண்டாம், மூடியபோது எங்களிடம் வந்து சேர்ந்தது பதினேழு அட்டைப் பெட்டி. எந்தப் பெட்டியில் என்ன என்று ஒரு பட்டியல்கூடக் கிடையாது. பட்டியல் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றார்கள். கம்ப்யூட்டர் வேறு ஓர் ஆபீஸுக்குப் போயிருந்தது.

இது வெறும் குமாஸ்தாக் கவலை என்று நினைக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் கடலோர ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சுனாமி வீடு வாங்கியவர். இரண்டு பிள்ளைகள், இரண்டு மருமகள்கள், பேரப்பிள்ளைகள். 325 சதுர அடி எத்தனை பேரைத் தாங்கும்? சின்ன மகன் பழைய மனையில் கொட்டகை போட்டிருக்கிறான். “அந்த மனைய நான் எழுதிக் கொடுத்தேனா, இல்லையான்னே எனக்குத் தெரியலீங்க ஐயா. ஒரு நாள் வந்து கைநாட்டு வாங்கினாங்க. அது வீட்டுக்கா, மனைக்கா? எந்த ஆபீஸ்ல போய்க் கேக்கறது?” என்றார். தாலுகா ஆபீஸில் ‘அ’ பதிவேட்டைப் பார்க்கச் சொன்னேன். அதில் ஏறியிருந்தால் தெரிந்துவிடும். ஏறாமல் இருந்தால், ஏற வேண்டிய தாள் எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

தமிழ்நாட்டு ஏற்பாடு ஒரேயடியாகக் கலைந்தும் போகவில்லை. 2005 டிசம்பரில் நாடு முழுவதற்குமான பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரையும் நம்மையும் புரட்டிப் போட்டது. 2013இல் கடலோரப் பேரிடர் இடர் தணிப்புத் திட்டம் என்று உலக வங்கியின் அடுத்த கடன். பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள், கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணியில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோவது எல்லாம் அதில் வந்தவை. ஒரு திட்டத்தின் வாலைப் பிடித்து இன்னொரு திட்டம். ஒடிசா மாதிரி முழுசாக நிரந்தரமும் இல்லை, லாத்தூர் மாதிரி முழுசாகக் கலைந்ததும் இல்லை. பணம் வரும்போது ஆட்கள் வருவார்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்ததைச் சொல்லத் தேவையில்லை. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரைத் தாண்டி மழை. கடலோரத்தில் பாதுகாப்பு மையங்கள் இருந்தன. அலைக்குப் பயந்து கட்டியவை. ஆனால் இந்தத் தடவை தண்ணீர் மேற்கிலிருந்து, ஏரி உடைந்தும் ஓடை புரண்டும் வந்தது. நிவாரணமாகக் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்று அரசு அறிவித்து, ரேஷன் கடையில் கொடுத்தார்கள். கணக்கெடுப்பே வேண்டாம், அட்டை இருந்தால் போதும். வேகமான வழிதான். அட்டை இல்லாத இருளர் குடும்பம் இந்தத் தடவையும் கடைவாசலுக்கு வெளியேதான் நின்றிருக்கும்.

சுனாமி சமயத்தில் நம் மாவட்டத் திட்டச் செயலாக்க அலகில் அயற்பணியில் இருந்தவர்கள், திண்டிவனம், வானூர் தாலுகாக்களில் வீட்டுப் பட்டியல் எழுதியவர்கள் இதைப் படிக்கக்கூடும். வயதில் என்னைவிடச் சின்னவர்களாகத்தான் இருப்பீர்கள். அந்த 200 மீட்டர் மனை விட்டுக்கொடுத்த தாள்களை எந்த எண்ணில் கோப்பிட்டீர்கள், கடைசியில் எந்த ஆபீஸில் ஒப்படைத்தீர்கள் என்று நினைவிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். கிளியனூரில் இறங்கி யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள். அந்தப் பெரியவர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்.